காந்தமும் மனமும்

மனிதனுடைய தலையின்மீது ஒரு கம்பிச் சுருளை வைத்து, அதில் ஒரு கணநேரம் பலமான மின்சாரத்தைப் பாய்ச்சினால், அவன் நினையாமலே அவனுடைய கட்டைவிரல் துடிக்கிறது. சுருளைப் பிடரிக்குச் சற்று மேலே நகர்த்தினால், கண்ணெதிரே காட்டிய எழுத்து அவனுக்குத் தெரியாமற்போகிறது. இடது நெற்றிப் பக்கத்தில் வைத்து அடுத்தடுத்துப் பாய்ச்சினால், உரக்க எண்ணிக்கொண்டிருக்கும் வாய் நடுவே அடைபட்டு நிற்கிறது. இதற்குக் கத்தியும் வேண்டுவதில்லை. மயக்க மருந்தும் வேண்டுவதில்லை. தோலில் ஒரு கீறலும் விழுவதில்லை. சுருளை அகற்றியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. இது ஜாலவித்தையன்று. 1985-ஆம் வருஷம் முதல் உலகத்துப் பெரிய ஆராய்ச்சிசாலைகளில் நடந்துவரும் சாதாரணப் பரிசோதனை.

இந்தச் சமாச்சாரத்திற்கும் காரைக்கால் பிரதேசத்தின் வடபாகத்திலுள்ள கோட்டுச்சேரிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு என்பதே நமது அபிப்பிராயம். கோட்டுச்சேரிக் கொம்யூனில் வயலை நம்பியவர்களும் இருக்கிறார்கள். கோட்டுச்சேரிமேடு போன்ற கரையோரக் குப்பங்களில் கடலை நம்பியவர்களும் இருக்கிறார்கள். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி வந்து காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. இடிந்த வீட்டைச் சர்க்கார் கட்டிக்கொடுக்கலாம்; உடைந்த படகுக்கு ஈடு கொடுக்கலாம். குழந்தையைக் கண்ணெதிரே பறிகொடுத்த தாயின் மனத்திற்கு எதைக் கொடுப்பது? மனநோய் என்பது எங்கோ பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைபட்டிருப்போரின் விவகாரம் என்று நினைப்பது பெரும் பிழை. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் ஸ்தாபனமாகிய நிம்ஹான்ஸ், 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசியக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் 100-க்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநோயால் வருந்திக்கொண்டிருந்தனர். சிகிச்சை பெறாதிருந்தோர், நோயின் வகைக்குத் தக்கபடி, 100-க்கு 70 முதல் 92 வரை இருந்தனர்.

இப்படிச் சிகிச்சையின்றிக் கிடப்பவர்கள் எங்கே போகிறார்கள்? கோவிலுக்கும் தர்காவுக்கும் போகிறார்கள். அதை நாம் இகழவில்லை. 2002-இல் நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராம் முதலியோர், தமிழ்நாட்டுக் கோவில் ஒன்றில் வந்து தங்கிய மனநோயாளிகள் 31 பேரைக் கவனித்து, மருந்தெதுவுமின்றி அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன என்று லண்டன் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். அன்புள்ள இடமும் அமைதியும் நோயாளிக்கு நன்மை செய்கின்றன என்பது அதன் கருத்து. ஆனால், 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், சங்கிலியால் பிணைத்து வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகை தீப்பற்றி மாண்டதையும் தமிழ்நாடு மறக்கவில்லை. சங்கிலிக்கும் சர்வரோக சஞ்சீவி விளம்பரத்துக்கும் நடுவே நிற்கிற ஏழைக் குடும்பத்திற்கு, “தலையில் காந்தம் வைத்துக் குணப்படுத்துகிறார்கள்” என்ற பேச்சு காதில் விழும்போது, அதில் எது மெய், எது மிகை என்று தெரிந்திருக்க வேண்டாமா?

பழைய காந்தமும் புதிய காந்தமும்

காந்த வைத்தியம் என்ற பெயரே சற்றுச் சந்தேகத்துக்குரியது. காரைக்கால் பிரஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739-இல். அதற்கு நாற்பது வருஷத்துக்குப் பின், அந்தப் பிரஞ்சு தேசத்தின் தலைநகரில் மெஸ்மர் என்ற வைத்தியர், உயிர்களிடையே ஓடும் ஒருவகைக் காந்தத் திரவத்தைத் தாம் ஆளுவதாகச் சொல்லிக்கொண்டு சீமான்களையும் சீமாட்டிகளையும் வலிப்புக் காணச் செய்தார். 1784-இல் அரசர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தார். அமெரிக்கத் தூதராயிருந்த பெஞ்சமின் பிராங்க்ளினும், ரசாயன சாஸ்திரி லவாசியேயும் அதில் அங்கத்தினர். அவர்கள் செய்த பரிசோதனை மிக எளிமையானது. நோயாளியின் கண்ணைக் கட்டிவிட்டு, காந்தம் செலுத்தாமலே செலுத்தியதாகச் சொன்னார்கள், வலிப்பு வந்தது. செலுத்திவிட்டு அதை மறைத்தார்கள், ஒன்றும் நேரவில்லை. கற்பனையை நீக்கினால் இந்தக் காந்தத்துக்கு வேலையே இல்லை என்று கமிஷன் தீர்ப்புக் கூறிற்று. அந்த வித்தை நமது தேசத்துக்கும் வந்தது. 1846-இல் கல்கத்தாவில் எஸ்டெய்ல் என்ற வெள்ளைக்கார வைத்தியர் அதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார். பிரஞ்சுக் கமிஷனின் அந்தக் கண்கட்டுப் பரிசோதனையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இன்றைய காந்தத்தையும் அதே உரைகல்லில்தான் உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்றைய முறைக்கு ஆதாரம் மெஸ்மரல்ல, பாரடே. 1831-இல் இங்கிலாந்தில் பாரடே கண்டறிந்த உண்மை இது: மாறிக்கொண்டே இருக்கும் காந்தம், அருகிலுள்ள கம்பியில் தொடாமலே மின்சாரத்தைப் பிறப்பிக்கும். தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மரும் இந்த விதியினால்தான் வேலை செய்கிறது. அதனுள்ளே இரண்டு கம்பிச் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன. ஒன்றில் ஓடும் மாறு மின்சாரம் மற்றொன்றில் மின்சாரத்தை எழுப்புகிறது. தலையின்மீது வைக்கும் சுருளை முதற்சுற்றாகவும், மூளையை இரண்டாவது சுற்றாகவும் பாவித்துக்கொண்டால் விஷயம் விளங்கிவிடும். மூளையின் நரம்பணுக்கள் மின்சாரத்தாலேயே பேசுகின்றனவாதலால், அங்கே எழும் சிறு மின்னோட்டம் அவற்றைத் தட்டியெழுப்புகிறது.

காந்தத்தை இடையில் கொண்டுவருவானேன், மின்சாரத்தை நேரே செலுத்தலாகாதோ என்றால், அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1980-இல் லண்டனில் மெர்ட்டன், மார்ட்டன் என்ற இருவர் தலையில் மின்முனைகளை வைத்துக் கையை அசையச் செய்தார்கள். ஆனால் மண்டையோடு மின்சாரத்துக்கு வழிவிடாத சுவர். அதைத் தாண்ட வேண்டிய அளவு மின்சாரம் தலைத்தோலில் கடும் வலியை உண்டாக்கிற்று. காந்தத்துக்கோ மண்டையோடு ஒரு தடையே அன்று. பிரஞ்சு விஞ்ஞானி தர்சோன்வால் 1896-லேயே பெரிய சுருளுக்குள் தலையைக் கொடுத்தவர்கள் கண்ணில் ஒளிப்பொறிகளைக் கண்டதாக எழுதியிருந்தார். வேண்டிய வேகத்தில் மின்சாரத்தைச் சேமித்து விடுவிக்கும் கருவி கிடைக்கத்தான் தொண்ணூறு வருஷம் பிடித்தது. 1985-இல் ஷெபீல்டு நகரில் அந்தொனி பார்க்கரும் அவருடைய சகாக்களும் அதைச் செய்துகாட்டினார்கள். சில ஆயிரம் ஆம்பியர் மின்சாரம், ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த காலம் சுருளில் பாய்கிறது. ‘டக்’ என்று ஓர் ஓசை. அந்தக் கணத்தில் எழும் காந்தம் ஒன்றரை முதல் இரண்டு டெஸ்லா. அதாவது நமது பிரதேசத்தில் திசைகாட்டியின் முள்ளைத் திருப்புகிற பூமியின் காந்தத்தைப்போல் சுமார் 40,000 முதல் 50,000 மடங்கு. அதன் வலிமை தலைக்குள்ளே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குமேல் செல்லுவதில்லை. 1988-இல் ஜப்பானில் உவேனோ என்பவர் எட்டு என்னும் இங்கிலீஷ் எண் வடிவில் இரட்டைச் சுருளை அமைத்தபின், குறித்த ஓர் இடத்தைக் குறிபார்த்துத் தொடவும் முடிந்தது.

மாறாத காந்தம் மின்சாரத்தைப் பிறப்பிப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே சந்தையில் விற்கும் காந்தக் கைவளையும் காந்தத் தலையணையும் இந்த விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ள யாதொரு உரிமையும் இல்லாதவை.

எண்ணத்தின் கடிகாரம்

இந்தக் கருவியின் பெருமை சிகிச்சையில் மட்டும் இல்லை. சொல்லப்போனால், அறிவு எவ்வாறு வேலை செய்கிறது என்பதைத் துருவிப் பார்க்க உதவியதே அதன் முதற் பெருமை. மூளையில் ஓரிடம் விழித்திருப்பதைப் படம்பிடிக்கும் யந்திரங்கள் வேறு பல உண்டு. ஆனால் ஒரு வேலை நடக்கும்போது ஓரிடம் விழித்திருப்பதாலேயே அந்த வேலைக்கு அது அவசியம் என்று சொல்லிவிட முடியாது. கல்யாண வீட்டில் பந்தலில் நிற்பவர்கள் எல்லோரும் சமைப்பவர்களல்லவே! ஓரிடத்தைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து வேலை கெடுகிறதா என்று பார்த்தாலன்றோ உண்மை வெளியாகும்? காந்தத் தூண்டுதல் அதைத்தான் செய்கிறது.

1989-இல் நியூயார்க்கில் அமாசியான் முதலியோர் செய்த பரிசோதனையைச் சொல்லுவோம். மூன்று எழுத்துக்களை ஒரு மின்னல் நேரம் காட்டிவிட்டு, பின்மண்டைமேல் ஒருமுறை காந்தத்தைத் தட்டினார்கள். எழுத்தைக் காட்டியவுடனே தட்டினால், பார்த்தவர் பிழையின்றிப் படித்தார். நெடுநேரம் கழித்துத் தட்டினாலும் படித்தார். ஆனால் எழுத்தைக் காட்டி 80 முதல் 100 மில்லி வினாடிக்குள் தட்டினால், எழுத்து மங்கியது. அல்லது அடியோடு தெரியவில்லை. (வினாடியை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு மில்லி வினாடி.) கண்ணில் பட்ட எழுத்து, பார்வைக்குரிய மூளைப் பகுதியில் எந்தக் கணத்தில் ‘எழுத்து’ ஆகிறது என்பதை இவ்வாறு வரம்பு கட்டிக் காட்டிவிட்டார்கள். பார்த்தல் என்பது ஒரு நொடியில் தானே நிகழ்வதாக நாம் நினைக்கிறோம். அதற்கும் ஓர் அட்டவணை இருக்கிறது.

இதனினும் நம் மனத்தைத் தொட்டது 1997-இல் கோஹென் முதலியோர் பிரசுரித்த ஆராய்ச்சி. சிறுவயதிலேயே கண்ணிழந்தவர்கள் புடைப்புப் புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தை எல்லோரும் அறிவர். அப்படிப் படித்துக்கொண்டிருந்தவர்களின் பின்மண்டைமேல், அதாவது கண்ணுள்ளவர்களுக்குப் பார்வை நடக்கும் இடத்தின்மேல், காந்தத்தைத் தட்டினார்கள். படிப்பு தடுமாறியது. இல்லாத புள்ளிகள் இருப்பதாகவும், இருந்த புள்ளிகள் மறைந்ததாகவும் அவர்கள் கூறினர். கண்ணுள்ளவர்கள் விரலால் எழுத்தறியும்போது அதே இடத்தைத் தட்டினால் அவர்களுக்கு இத்தகைய தவறு நேரவில்லை. இதன் பொருள் என்ன? பார்வைக்கென்று அமைந்த நிலம், பார்வை வாராமற்போகவே தரிசாய்க் கிடக்காமல், விரலின் வேலைக்குத் தன்னை ஒப்புவித்துவிட்டது. 2000-இல் வெளியான மற்றொரு செய்தி இதற்குச் சாட்சி: பிறவிக் குருடியாகிய ஸ்பெயின் தேசத்து ஸ்திரீ ஒருத்தி பிரெயில் படிப்பதில் வல்லவள், பின்மூளையின் இருபக்கமும் ரத்த ஓட்டம் தடைபட்டபின், விரலில் புள்ளிகள் உறைத்தன, ஆனால் எழுத்தாகப் படிக்க முடியாமற் போயிற்று.

கடைமடைவரை செல்லும் அலை

இனி மூளையின் மின்னலைகளைப் பற்றி. ஜெர்மனியில் யேனா நகரத்து ஹான்ஸ் பெர்கர் என்ற வைத்தியர் 1924-இல் மனிதத் தலையிலிருந்து முதன்முதல் மின்னலைகளைப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாயிருப்பவனிடம் வினாடிக்கு ஏறக்குறைய பத்து முறை எழுந்து விழும் ‘ஆல்பா’ அலையை அவர்தாம் கண்டார். ஆஸ்பத்திரிகளில் ‘ஈ.ஈ.ஜி.’ என்று சொல்லும் பதிவு இதுவே. இந்த அலையின் உயரம் ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கினால் அவற்றில் ஐம்பது, நூறு பங்குதான். கைவிளக்கின் ஒரு செல்லுக்கு முன் இது தூசி. அத்தகைய மெல்லிய அலையைக் கேட்கும் கருவிக்குப் பக்கத்திலேயே காந்தத்தின் பேரிடி விழுந்தால் கருவி செவிடாகாதோ? ஆகத்தான் செய்தது. பின்லாந்தில் ஹெல்சிங்கி நகரத்தார், இடி விழும் அந்தக் கணத்துக்கு மட்டும் கருவியின் காதை அடைத்து, மறுகணம் திறந்துவிடும் உபாயத்தைக் கையாண்டார்கள். 1997-இல் இல்மோனியெமி முதலியோர் முடிவை வெளியிட்டனர். கையசைவுக்குரிய இடத்தில் தட்டிய தட்டு, 5 முதல் 10 மில்லி வினாடிக்குள் பக்கத்து இடங்களுக்கும், சுமார் 20 மில்லி வினாடியில் மூளையின் மறுபாதிக்கும் பரவியது. மூளையின் ஒரு மூலையில் கதவைத் தட்டி, எந்தெந்த அறையில் விளக்கு எரிகிறது என்று பார்க்கும் வசதி அன்று கிடைத்தது.

இத்தாலியரான மாசிமினி 2005-இல் தம் சகாக்களுடன் செய்த பரிசோதனை இந்தத் துறையில் தலைசிறந்தது என்பது நமது எண்ணம். அதைக் காவிரிக் கடைமடைக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். தலைமடையில் திறந்துவிட்ட தண்ணீர், வாய்க்கால்கள் சரியாயிருந்தால், கிளை பிரிந்து, ஒவ்வொரு வயலிலும் ஒவ்வொரு விதமாய்ப் பாய்ந்து, நேரம் பிடித்தாலும் கடைமடைக்கு வந்து சேருகிறது. வாய்க்கால் தூர்ந்திருந்தால் தலைமடையிலேயே பொங்கி, அங்கேயே வடிந்துபோகிறது. விழித்திருக்கும் மனிதனின் மூளையில் தட்டியபோது அலை இடத்துக்கு இடம் தாவி, ஏறக்குறைய 300 மில்லி வினாடிவரை பல வடிவெடுத்துப் பரவிற்று. அதே மனிதன் கனவற்ற ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தபோது தட்டினார்கள். தட்டிய இடத்தில் அலை முன்னினும் பெரிதாய் எழுந்தது. ஆனால் அங்கேயே அடங்கிவிட்டது. மூளை உறக்கத்திலும் வேலை செய்கிறது. பகுதிகள் தம்முள் கலந்து பேசுவதுதான் நின்றுபோகிறது.

இதிலிருந்து ஓர் அளவுகோலையே செய்துவிட்டார்கள். எழும் அலைகளின் சித்திரம் எவ்வளவு பல்வகைப்பட்டது என்பதைக் கணக்கிட்டு, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் குறிக்கும் முறை 2013-இல் வெளியாயிற்று. 2016-இல் 0.31 என்பதை எல்லையாக வகுத்தனர். நினைவுள்ளவர்களின் எண் அதற்கு மேலும், நினைவற்றவர்களின் எண் அதற்குக் கீழும் நின்றது. சாலை விபத்தில் தலையடிபட்டு, கண் திறந்தும் பேச்சு மூச்சின்றி மாதக்கணக்காய்க் கிடப்பவர்கள் நம்மிடையே இல்லையா? படுக்கையருகே உட்கார்ந்திருக்கும் தாய், “நான் சொல்வது இவன் காதில் விழுகிறதா?” என்று ஏங்குகிறாள். அப்படி உணர்வே இல்லையென்று முடிவு கட்டப்பட்ட சிலரிடமும் இந்த எண் எல்லைக்கு மேலே இருக்கக் கண்டார்கள். இது இன்னும் ஆராய்ச்சிசாலையை விட்டு எல்லா ஆஸ்பத்திரிக்கும் வந்துவிடவில்லை. வரவேண்டிய காரியங்களில் இது முன்னிற்பது.

நமது தேசத்தில்

இத்துறையில் இந்தியர் வெறும் வேடிக்கை பார்க்கிறவர்களாக இல்லை. ராஞ்சியில் 1918-இல் ஏற்பட்ட மத்திய மனநோய் ஸ்தாபனத்திலும் காந்தத் தூண்டுதல் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. நிம்ஹான்ஸ், 1847-இல் ஏற்பட்ட பெங்களூர் பைத்தியக்கார விடுதியின் வழியில் வந்து, 1974-இல் இன்றைய பெயரைப் பெற்றது. அங்கே உர்வக்ஷ் மேத்தா, ஜகதீஷ தீர்த்தஹள்ளி, கங்காதர் முதலியோர் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சி தனியே சொல்லத்தக்கது.

பிறன் கை ஒரு காரியத்தைச் செய்வதைப் பார்க்கும்போது, பார்க்கிறவனுடைய மூளையிலும் கையசைவுக்குரிய இடம் சற்றே கிளர்ச்சியடைகிறது. கூத்தில் ராஜா கத்தி வீசும்போது முன்வரிசைச் சிறுவனின் கையும் அசைவதுபோல. அந்தக் கிளர்ச்சியைக் காந்தத்தால் அளக்கலாம். ஒரே அளவான தட்டுக்குக் கைத்தசை எவ்வளவு பதில் சொல்கிறது என்பதை, சும்மா இருக்கும்போதும், பிறன் கைவேலையைப் பார்க்கும்போதும் பதிவு செய்து ஒப்பிடுவார்கள். மனச்சிதைவு நோய் கண்டு மருந்து உண்ணாதிருந்தவர்களிடம் இந்தக் கிளர்ச்சி குறைந்திருக்கக் கண்டார்கள். பிறர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் திறமையும் அதனோடு சேர்ந்து குறைந்திருந்தது. மனச்சிதைவு கண்டவன் ஜனங்களோடு ஒட்டாமல் விலகி நிற்பதைத் திமிர் என்றும், சோம்பல் என்றும், பேய்க் கோளாறு என்றும் வீட்டார் ஏசுகிறார்கள். பிறர் முகத்தைப் படிக்கும் கண்ணாடியே மங்கிப்போயிருக்கக்கூடும் என்பதை அந்த ஏச்சுக்கு முன் ஒருகணம் எண்ணிப் பார்க்கலாமே! ஓர் ஆராய்ச்சியால் நோயின் காரணம் தீர்ந்துவிட்டதாக நாம் சொல்லவில்லை; ஆயினும் கண்ணாற் காணமுடியாத குறையை அளந்துகாட்டியது சிறிய காரியமன்று.

அறிவைப் பெருக்குமா?

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். ஞாபகசக்தியும் புத்திக்கூர்மையும் தருவதாக விளம்பரம் செய்வோர் பெருகும் காலத்தில் இதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

ஆதாரம் அறவே இல்லையென்று சொல்ல முடியாது. 2003-இல் கிளிமெஷ் முதலியோர், ஒவ்வொருவருடைய ஆல்பா அலையின் வேகத்தையும் அளந்து, அதற்குச் சற்றே மேற்பட்ட வேகத்தில் காந்தத்தை அடுத்தடுத்துத் தட்டினார்கள். ஓர் உருவத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் திறமை சற்றே உயர்ந்தது. வேறு வேகத்தில் தட்டினால் உயரவில்லை. 2017-இல் மான்ட்ரியல் நகரத்தில், இசைச் சுரங்களை மனத்துக்குள் தலைகீழாக்கி ஒப்பிடும் வேலையில், வினாடிக்கு ஐந்து தட்டாகத் தாளம் தவறாமல் தட்டியபோது நன்மை கண்டது. தாளமின்றித் தட்டியபோது காணவில்லை. 2014-இல் அமெரிக்காவில் ஐந்து நாள் தொடர்ந்து தட்டி, முகங்களையும் சொற்களையும் இணைத்து நினைவுகொள்ளும் ஆற்றல் பெருகியதாகக் காட்டினார்கள். மூளையின் மின்னலைக்கும் எண்ணத்துக்கும் நெருங்கிய உறவு உண்டென்பதற்கு இவை நல்ல சான்றுகள். வண்டியின் ஆட்டத்தோடு இசைந்து தள்ளினால் சேற்றிலிருந்து சக்கரம் ஏறிவிடும்; மாறித் தள்ளினால் உழைப்பு வீண்.

ஆனால் இவை சிலரிடம், சில வேலைகளில், ஆராய்ச்சிசாலையில், சிறிது காலத்துக்குக் கண்டவை. மேலும் மூளைக்கு மூளை வேறுபாடு மிகுதி. 2013-இல் ஹமாடா முதலியோர், ஐம்பதுக்கு மேற்பட்டவர்களிடம் மிகவும் பெயர்பெற்ற ஒரு தூண்டுதல் முறையைச் சோதித்தார்கள். சிலருக்கு மூளையின் கிளர்ச்சி உயர்ந்தது, சிலருக்கு அதே தட்டால் தாழ்ந்தது. மொத்தத்தில் மாற்றமே இல்லை. இந்த நிலையில், காசு வாங்கிக்கொண்டு பிள்ளையின் மார்க்கைக் காந்தத்தால் கூட்டித் தருவதாகச் சொல்பவன் மெஸ்மரின் சீடனேயன்றிப் பார்க்கரின் சீடனல்லன். ஆராய்ச்சியில்கூட, ஓசை மட்டும் கேட்கும்படியும் காந்தம் தலைக்குள் செல்லாதபடியும் பொய்ச்சுருள் வைத்து ஒப்பிட்டுப் பார்க்காத முடிவை அப்படியே நம்பலாகாது. பிராங்க்ளின் கமிஷன் கட்டிய கண்கட்டின் வேலையை இன்று அந்தப் பொய்ச்சுருள் செய்கிறது.

சிகிச்சையும் மூன்று நிமிஷமும்

மனச்சோர்வு நோயில் கதை வேறு. மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கு இந்தச் சிகிச்சையை அமெரிக்க சர்க்காரின் மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் 2008-இல் அங்கீகரித்தது. செய்ததையே திரும்பத்திரும்பச் செய்யத் தூண்டும் எண்ணச்சுழல் நோய்க்கு 2018-இல் அங்கீகாரம் கிடைத்தது. நோயாளி விழித்தபடியே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். இடது முன்மூளைக்கு நேரே சுருளை வைக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாளாகச் சில வாரங்கள் நடக்கிறது. மின்னதிர்ச்சிச் சிகிச்சை வேறு, இது வேறு. இதில் மயக்கமும் இல்லை, வலிப்பை வேண்டுமென்று உண்டாக்குவதும் இல்லை. தலைவலியும் சுருள்பட்ட இடத்தில் வலியும் சிலருக்கு உண்டு. வலிப்பு நேருவது மிக அருமை. எனினும் வலிப்பு நோயுள்ளவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். தலைக்குள் இரும்புத் துண்டோ, செவிக்குள் பொருத்திய கருவியோ, நெஞ்சில் இதயத் துடிப்புக் கருவியோ உள்ளவர்கள் வைத்தியருக்கு அறிவிக்காமல் இந்த நாற்காலியில் உட்காரவே கூடாது. ஓசை பலமாதலால் காதை அடைத்துக்கொள்வது வழக்கம்.

தேசாபிமானிகள் கவனிக்க வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. 2018-இல் கானடாவில் 414 பேரிடம் நடத்திய பரிசோதனையில், 37.5 நிமிஷம் பிடிக்கும் பழைய முறையையும், மூன்றே நிமிஷத்தில் முடியும் புதிய முறையையும் ஒப்பிட்டார்கள். புதிய முறையில், 50-ஹெர்ட்ஸ் வேகத்தில் மும்மூன்று தட்டுகளை, வினாடிக்கு ஐந்து தடவையாகத் தருவார்கள். பழைய முறையில் 100-க்கு 47 பேர் நன்கு தேறினர். புதிய முறையில் 49 பேர். நோய் அநேகமாக நீங்கியவர்கள் முறையே 27, 32 பேர். மூன்று நிமிஷம் எவ்விதத்திலும் தாழ்ந்ததாக இல்லை. எல்லோரும் குணமாகிவிடவில்லை என்பதையும் இதே எண்கள் சொல்லுகின்றன. பாதிக்கு மேற்பட்டவர் இரண்டு முறையிலும் போதிய பலன் பெறவில்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரியின் வாசலில் நின்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரை உட்காரவைத்துச் சுருளைச் சரிபார்க்கப் பத்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், பழைய முறையில் ஒரு யந்திரம் ஆறுமணி நேரத்தில் 7 பேரைக் கவனிக்கும். புதிய முறையில் அதே யந்திரம் 27 பேரைக் கவனிக்கும். பணக்காரருடைய சிகிச்சையாயிருந்ததைப் பொதுஜனங்களின் சிகிச்சையாக்குவது இந்த வித்தியாசம். 1823-இல் பிரஞ்சுக்காரர் வைத்தியப் பள்ளியாகத் தொடங்கியதன் வாரிசாகிய புதுச்சேரி ஜிப்மர், 2016 முதல் காரைக்காலிலும் கிளை நடத்துகிறது. கோட்டுச்சேரியிலிருந்து காரைக்கால் கூப்பிடு தூரம். ஒரு மனச்சோர்வு நோயாளியை வாரத்தில் ஐந்து நாள், நாலைந்து வாரம், வெளியூருக்கு அழைத்துச் செல்லக் கூலிக்காரக் குடும்பத்தால் ஆகுமா? போகவரச் செலவும் இழந்த கூலியுமே சிகிச்சையைக் கொன்றுவிடும். ஜில்லாவுக்கு ஒரு யந்திரமும் அதைக் கையாளப் பயின்றவரும் வேண்டும் என்று பிரதிநிதிகள் கேட்கட்டும்.

கேட்பதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2018-ஆம் வருஷம் மே 29-ந் தேதி அமலுக்கு வந்த 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், சர்க்கார் நடத்தும் அல்லது சர்க்கார் உதவிபெறும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருடைய உரிமையாக வைத்திருக்கிறது. மனநோயாளியை எந்த விதத்திலும், எந்த முறையிலும் சங்கிலியிடுவதை அது தடுக்கிறது. மயக்க மருந்தும் தசைதளர்த்தும் மருந்தும் இல்லாத மின்னதிர்ச்சியையும் தடுக்கிறது. நோயாளியை ஆராய்ச்சிக்கு உட்படுத்துமுன் விஷயத்தை விளக்கி, அவருடைய மனப்பூர்வமான சம்மதத்தைப் பெற வேண்டும் என்கிறது. கண்ணுக்குத் தெரியாத காந்தத்தைப் பற்றி நோயாளிக்கு அவருடைய தாய்மொழியில் விளக்காமல் எந்தச் சம்மதமும் மனப்பூர்வமானதாகாது. நாற்காலியில் உட்காருமுன் கேட்க வேண்டியவை சில உண்டு: எந்த நோய்க்கு, எந்த இடத்தில், எத்தனை நாள், பலன் இல்லாவிட்டால் அடுத்தது என்ன, இதுவரை உண்ட மருந்தை நிறுத்த வேண்டுமா? மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. இவற்றுக்குத் தமிழில் விடை சொல்ல மறுக்கும் நிலையத்தில் பணம் கட்ட வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகவே கூசுகிறவர்கள், 2022 அக்டோபர் 10-ந் தேதி தொடங்கிய சர்க்காரின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் வீட்டிலிருந்தே கூப்பிட்டுத் தமிழில் பேசலாம்.